கஞ்சியா, உளுந்தா, தோஹூவா: காய்ச்சலிலிருந்து தேறுபவருக்கு எதை ஊட்டுவது?

அத்தையை மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்த அன்று மாலை, அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே மியான்மரின் யாங்கோன் நகரில் உள்ள எங்கள் வீட்டில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. வந்திருந்தது டைபாய்டு. நோய்க்கு முன் 52 கிலோ இருந்தவர் 46 கிலோவாகத் திரும்பியிருந்தார். வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. மோல்மேனில் இருக்கும் நாத்தனார் தொலைபேசியில், "அண்ணி, ஒரு மாதத்துக்குக் கஞ்சியைத் தவிர வேறு எதையும் கொடுத்துவிடாதீர்கள்" என்றார். என் அம்மா, "உளுந்து இல்லாமல் இடுப்பு எப்படி நிமிரும்?" என்றார். மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டு அம்மா தௌங்ஜியிலிருந்து வந்த ஷான் இனத்தவர். கடலை மாவுக் கூழான தோஹூ நுவே காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். கணவர் கையில் ஒரு சத்துமாவு டப்பாவோடு வந்து சேர்ந்தார்.

இதில் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. அத்தை முப்பது ஆண்டுகளாகச் சைவம். அவருக்குச் சத்து சேர்ந்ததெல்லாம் பாலாலும் தயிராலும்தான். இந்த முறை பால் குடித்தாலே வயிறு பொருமி, இரண்டு மூன்று முறை போகத் தொடங்கியது. குடல் நோய்க்குப் பின் சிறுகுடலின் உட்சுவர் புண்பட்டிருக்கும். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி சில வாரங்களுக்குக் குறைந்துவிடும். மருத்துவர் அதைச் சொல்லி, பாலும் பால் சேர்ந்தவையும் ஆறு வாரம் வேண்டாம் என்றுவிட்டார். ஆகவே முழுக்க முழுக்கத் தாவர உணவாலேயே அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. எதை, எந்த வாரத்தில், எவ்வளவு என்று முடிவு செய்ய நான் எடைபோட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். யாங்கோனில் இருப்பவர்களுக்கு இந்தப் பொருள்கள் எல்லாம் தெயின்ஜி சந்தையைச் சுற்றியே கிடைக்கும்.

முதலில் கஞ்சி. நோயாளி என்றால் கஞ்சி என்பதில் தமிழர்களும் பர்மியர்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் ஸான்பியோ என்பார்கள். பெரும்பாலும் கோழி சேர்ப்பார்கள். நாம் உப்பும் சீரகமும் போடுவோம். கஞ்சியின் நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காய்ச்சல் விட்ட முதல் இரண்டு மூன்று நாள் அதற்கு ஈடு கிடையாது. நீர் சேரும், உப்பு சேரும், குடலுக்கு வேலை குறைவு, வாய்க்கசப்பிலும் இறங்கும். பல நாள் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவருக்கு முதல் நாளே வயிறு நிறைய ஊட்டுவது ஆபத்தும்கூட. பட்டினி கிடந்த உடலுக்குள் மாவுச்சத்து திடீரெனப் பாய்ந்தால் இரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கிவிடும். எனவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிண்ணம் கஞ்சி என்று தொடங்கியது சரியாகவே இருந்தது.

சிக்கல் நான்காம் நாளில்தான் தொடங்குகிறது. ஒரு கிண்ணம் கஞ்சிக்கு 40 கிராம் அரிசி போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது சுமார் 140 கலோரி, 3 கிராம் புரதம். ஒரு நாளைக்கு ஐந்து கிண்ணம் குடித்தாலும் 15 கிராம்தான் புரதம். ஆரோக்கியமாக இருப்பவருக்கே கிலோவுக்கு 0.8 கிராம் வேண்டும். நோயிலிருந்து எழும் முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை உணவியல் வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். அத்தையின் 46 கிலோவுக்கு அது குறைந்தது 55 கிராம். 15 எங்கே, 55 எங்கே! நாத்தனார் சொன்னபடி ஒரு மாதம் கஞ்சியிலேயே வைத்திருந்தால், கரைந்துபோன தசை திரும்புவதற்குப் பதிலாக மேலும் கரைந்திருக்கும். எத்தனையோ வீடுகளில், "காய்ச்சல் போய் ஒரு மாதம் ஆயிற்று, இன்னும் மாடி ஏற முடியவில்லை" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வீடுகளில் அன்பாகத்தான் கஞ்சி ஊற்றியிருப்பார்கள். அன்புக்குக் கணக்கும் தெரிய வேண்டும் என்று அந்த இரவு நோட்டுப் புத்தகத்தில் பெருக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. (சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டே ஆகவேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கோ குழையக் காய்ச்சிய கஞ்சி சர்க்கரையை விரைந்து ஏற்றும்.)

கஞ்சியைக் கைவிட மனமில்லாதவர்களுக்கு ஒரு பாலம் இருக்கிறது: பாசிப்பருப்பு. 30 கிராம் அரிசியோடு 20 கிராம் உடைத்த பாசிப்பருப்பை வறுத்துச் சேர்த்துக் குழைய வேகவைத்தால் அதே கிண்ணத்தில் புரதம் 7 கிராமாகிவிடும். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். நான்காம் நாள் காலை நான் கொடுத்தது இதுதான். நாத்தனாரிடம் "கஞ்சிதான் கொடுத்தேன்" என்று சொன்னேன். அது பொய்யும் அல்ல.

அம்மா சொன்ன உளுந்தங்கஞ்சிக்கு வருகிறேன். நாம் இருக்கும் நாடு உளுந்து விளையும் நாடு. தமிழ்நாட்டில் ஊறவைக்கும் உளுந்தில் ஒரு பங்கு இங்கிருந்து கப்பலேறிப் போனது. பர்மா உளுந்துக்கு மிகப் பெரிய வாடிக்கையாளர் இந்தியாதான். அப்படிப்பட்ட பொருள் நமக்குத் தெருமுனையில் கிடைக்கிறது. தோல் நீக்கிய உளுந்து 30 கிராம், கொஞ்சம் அரிசி, வெந்தயம் நாலு மணி, பனைவெல்லம், தேங்காய்ப்பால். புரதம் 7 கிராமுக்கு மேல் வரும். வெல்லமும் தேங்காய்ப்பாலும் கலோரியைக் கூட்டும். பனைவெல்லம் பகான் பக்கத்துப் பனைகளிலிருந்து நல்லதாகவே வருகிறது. சுவைக்கு இதை மிஞ்ச முடியாது. அத்தை தானாகக் கிண்ணத்தை நீட்டிய முதல் உணவு இதுதான். ஆனால் உளுந்து வழவழப்பாகவும் கனமாகவும் இருப்பதால் முதல் வாரத்தில் மந்தம் தட்டியது. தேங்காய்ப்பால் கெட்டியாக இருந்த ஒரு நாள் வயிறு கடுத்தது. இரண்டாம் வாரத்தில் இரண்டாம் பாலை மட்டும் ஊற்றி, மாலை நேரத்துக்கு மாற்றினேன். ஒரு குறையும் இல்லை.

உளுந்தைச் செரிமானத்துக்கு எளிதாக்க நம் பாட்டிமார் கண்ட வழி இட்லி. புளிக்கும்போது நுண்ணுயிர்கள் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. மூன்று இட்லியில் 5 அல்லது 6 கிராம் புரதம். ஆனால் இப்போதைய யாங்கோனில் இட்லிக்கு ஒரு தடை உண்டு. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் மாவை அரைப்பதும் அரைத்த மாவைக் காப்பதும் பெரும்பாடு. குளிர்பெட்டி வெறும் அலமாரியாக நிற்கும் நாட்களில் மாவு மறுநாள் காலையிலேயே பொங்கிப் புளித்துவிடுகிறது. புளித்துப்போன மாவை நோயாளிக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றன்றைக்கு அரைத்து அன்றன்றைக்கே ஊற்ற முடிந்தால் இட்லியைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள்.

இனி, பக்கத்து வீட்டு அம்மா சொன்னதற்கு வருகிறேன். நான் வியந்து நின்றது இதில்தான்.

தோஹூ என்றதும் பலர் சோயாவில் செய்த வெள்ளைக் கட்டியை நினைத்துக்கொள்கிறார்கள். ஷான் தோஹூ அது அல்ல. கடலை மாவையும் தண்ணீரையும் மஞ்சள் தூளோடு காய்ச்சிக் கிளறி எடுப்பது. திரிய வைக்க உப்போ அமிலமோ தேவையில்லை, மாவுச்சத்தே கெட்டியாகும். ஆறவிட்டு உறைந்தால் துண்டு போடலாம். உறைவதற்கு முன் சூடாக ஊற்றினால் அதுதான் தோஹூ நுவே. 40 கிராம் கடலை மாவில் 9 கிராம் புரதம், சுமார் 150 கலோரி. அதாவது அரிசிக் கஞ்சியைப் போலவே வழுவழுப்பாக, மெல்லாமல் விழுங்கக்கூடியதாக, ஏறக்குறைய அதே கலோரியில் மூன்று மடங்கு புரதம். சர்க்கரையை ஏற்றும் வேகமும் அரிசியைவிடக் குறைவு. கடலை மாவை நாம் பஜ்ஜிக்கும் பக்கோடாவுக்கும்தான் எடுப்போம். அதே மாவை எண்ணெய்க்குள் போடாமல் நோயாளிக்குக் கஞ்சியாக்கலாம் என்பது பிரேசர் தெருவில் பிறந்து வளர்ந்த எனக்கு இத்தனை ஆண்டும் தோன்றவில்லை. அந்தத் தெருவின் பெயர் அனோரதா சாலை என்று மாறி எவ்வளவோ காலம் ஆயிற்று. வீட்டில் நாங்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம்.

செய்யும் விதம்: ஒரு பங்கு கடலை மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, ஓரிரு மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். இந்த வடிகட்டலைத் தவிர்க்காதீர்கள். கரையாத சக்கை துணியில் நின்றுவிடும். மஞ்சள், உப்பு, சிட்டிகை பெருங்காயம். கனமான பாத்திரத்தில் இளந்தீயில் வைத்து, கையை எடுக்காமல் கிளற வேண்டும். பச்சை வாசனை போக இருபது நிமிடம் பிடிக்கும். ஐந்தாம் நிமிடத்திலேயே கெட்டிப்பட்டதுபோலத் தெரியும். அங்கே ஏமாந்து இறக்கினால் வயிறு நிச்சயம் கனக்கும். கரி அடுப்பில் இதைச் செய்வது மின்சார அடுப்பைவிட எளிது என்பது இந்த இருட்டுக் காலத்தில் எனக்குக் கிடைத்த ஆறுதல். மேலே ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெயில் வதக்கிய பூண்டு. அந்த எண்ணெய் மட்டுமே 40 கலோரி தரும். எண்ணெய் வேண்டாம் என்று நோயாளியை உலரவைப்பதும் நம்மிடம் உள்ள ஒரு பிழைதான். சிறிய வயிற்றுக்குள் அதிகச் சக்தியை அனுப்ப எண்ணெயைவிடச் சுலபமான வழி இல்லை. ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, பொறுத்துக்கொள்கிறதா என்று பார்த்துக் கூட்டலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கடையில் வாங்கும் தோஹூ நுவேயின் மேல் இறைச்சிக் குழம்பு ஊற்றுவது வழக்கம். கூடவே வரும் தெளிந்த ரசமான ஹின்ஜோவில் உலர்ந்த இறால் இருக்கும். காய்கறி என்று நம்பி வாங்கும் பல பதார்த்தங்களில் ஙாப்பி என்ற புளிக்கவைத்த மீன் விழுது கரைந்திருக்கும். "தெத் தத் லுத்" என்று சொன்னால் உயிர்க்கொலை இல்லாத உணவு என்று கடைக்காரருக்குப் புரியும். ஆனாலும் ஙாப்பி, இறால், பால், முட்டை நான்கையும் தனித்தனியே கேட்டுவிடுங்கள். அந்தச் சுவை வேண்டுமென்றால் பகான் பக்கம் கொள்ளிலிருந்து செய்யும் பொன்யேஜி இருக்கிறது. ஷான் மக்கள் சோயாவைப் புளிக்கவைத்து வட்டத் தட்டாக உலர்த்துவதும் சந்தையில் கிடைக்கும். இரண்டும் தாவரம்தான். நாக்கு செத்துப்போன அத்தைக்கு மூன்றாம் வாரத்தில் பொன்யேஜி துவையல் ஒரு கவளம் சோற்றைக் கூடுதலாக இறக்கியது.

சோயாப் பால் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 200 மில்லியில் சுமார் 6 கிராம் புரதம். புரதத்தில் பசும்பாலுக்குப் பக்கத்தில் வருவது இது. காலையில் தெருவோரம் விற்பது தண்ணீரும் சர்க்கரையுமாக இருப்பதால் வீட்டில் அரைத்துக் காய்ச்சினேன். நுரை பொங்கியதைக் கொதி என்று எண்ணக்கூடாது. நன்றாகக் கொதித்தபின் மேலும் பத்து நிமிடமாவது வேண்டும். பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். கால்சியம் சேர்த்த டப்பாச் சோயாப் பால் சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளின் வேலையைக் கெடுக்கும். மாத்திரை முடியும் வரை மருந்தாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவர் வாங்கிவந்த டப்பாவின் பின்புறத்தை விளக்கு வெளிச்சத்தில் படித்தோம். முதல் வரியே பால் பொடி. திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தில் வேர்க்கடலை வாங்கினோம். 30 கிராம் வேர்க்கடலையில் 8 கிராம் புரதம், 170 கலோரி. வறுத்துத் தோல் நீக்கி, வெண்ணெய் போல் அரைத்து, கஞ்சியிலும் தோஹூவிலும் ஒரு கரண்டி கலந்தால் வேறு பொடி எதற்கு?

கீரையை மறந்துவிடாதீர்கள். முருங்கைக்கீரையை இங்கே தண்டலூன் என்பார்கள். பருப்போடு மசித்துக் கொடுத்தேன். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து இறைச்சியில் உள்ளதுபோல் எளிதில் உடலில் சேராது. கூடவே வைட்டமின் சி இருந்தால் சேரும். பழுத்த கொய்யாவை விதை நீக்கி மசித்துக் கொடுக்கலாம், எலுமிச்சை பிழியலாம். இதற்கு நேர் எதிரி நம் ஊரின் தேநீர். சாப்பாட்டோடு வெந்நீர்க் குடுவையில் பச்சைத் தேயிலை நீர் வைப்பது இங்கே எல்லா வீட்டு வழக்கம். அது இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். சாப்பிட்ட ஒரு மணி நேரம் கழித்துத்தான் அத்தைக்குக் கோப்பையைக் கொடுத்தேன். அதற்காக என்மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தார்.

பி12 எந்தத் தாவரத்திலும் நம்பத்தகுந்த அளவில் இல்லை. ஆறு வாரத்தோடு பாலுக்குத் திரும்புபவருக்கு அது பெரிய கவலை அல்ல. ஆனால் தொடர்ந்து முழுத் தாவர உணவிலேயே இருக்கப்போகிறவர், வயதானவராகவும் இருந்தால், மாத்திரை எடுத்துத்தான் ஆகவேண்டும்.

கடைசியில் நான் எடுத்த முடிவு இதுதான். முதல் மூன்று நாள் வெறும் கஞ்சி, இடையிடையே உப்புச் சர்க்கரைக் கரைசல் (கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு). நான்காம் நாளிலிருந்து முதல் வாரம் முடியும் வரை பாசிப்பருப்புக் கஞ்சியும் மெல்லிய தோஹூவும். இரண்டாம் வாரத்திலிருந்து காலையில் தோஹூ நுவே, பதினொரு மணிக்குச் சோயாப் பால், மதியம் குழைந்த சோறு, பருப்பு, கீரை, மாலையில் உளுந்தங்கஞ்சி, இரவு மாவு இருந்தால் இட்லியும் கடலைச் சட்னியும், இல்லாவிட்டால் மறுபடி தோஹூ, படுக்கும் முன் மீண்டும் சோயாப் பால். கூட்டிப் பார்த்தால் 52 கிராம் புரதம் வந்தது. 55-ஐ எட்ட வேர்க்கடலை விழுது ஒரு கரண்டி. இதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தோஹூ நுவேயைத்தான் சொல்வேன்: மலிவு, அரைக்க மின்சாரம் வேண்டாம், விழுங்க எளிது, சத்தும் நிறைவு. உளுந்தங்கஞ்சிக்கு இரண்டாம் இடம். அம்மாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

எதைச் செய்தாலும் அந்த வேளைக்கு மட்டும் செய்யுங்கள். இந்த வெக்கையில் வெளியே வைத்த கஞ்சியிலும் சோற்றிலும் கிருமி பெருகும். அது விடும் நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. டைபாய்டு கண்டவர் தேறிய பின்னும் சில வாரம் கிருமியை வெளியேற்றக்கூடும். அவர் மற்றவர்களுக்குச் சமைக்க வேண்டாம், வீட்டில் எல்லோரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். காய்ச்சல் திரும்பினாலோ, வயிறு கடுமையாக வலித்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ சமையலறையில் நேரத்தைக் கழிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். டைபாய்டில் குடல் புண் ஓட்டையாவது உண்டு.

பே பியோவை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. முளைகட்டி வேகவைத்த பட்டாணியைத் தலையில் சுமந்து, விடியற்காலையில் கூவிக்கொண்டு வரும் பெண்ணின் குரலில்தான் எங்கள் தெரு விழிக்கிறது. 100 கிராமில் 8 கிராம் புரதம் கொண்ட அருமையான உணவு. ஆனால் தோலும் நார்ச்சத்தும் அதிகம். புண் ஆறாத குடலுக்கு அது சரிவராது என்று தினமும் அந்தக் குரலைக் கேட்டும் நான் இறங்கிப் போகவில்லை. ஐந்தாம் வாரம் ஒரு நாள் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி, "அவளைக் கூப்பிடு, நங்பியா ரொட்டியோடு கொஞ்சம் சாப்பிடுகிறேன்" என்றார். மருத்துவர் ஏற்கெனவே சரி என்று சொல்லியிருந்தார். நான் பட்டாணியை வாங்கிவந்து ஒவ்வொன்றாகத் தோலை நசுக்கி எடுத்து, வெங்காயமும் எண்ணெயும் சேர்த்து மசித்துக் கொடுத்தேன். பாதியைத் தின்ற பிறகு, மீதிக்குத் தோல் எடுக்க வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். அன்று எடை 48 கிலோ.